சாட்ஸ்வொர்த்தில் மாநகராட்சி நிலத்தில் பொதுத் தோட்டம்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவை ஒட்டிய மாநகராட்சி நிலம் புதர் மண்டிக் கிடப்பதால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து அங்கே காய்கறித் தோட்டம் போட விரும்புகிறோம். முதலில் யாரை அணுக வேண்டும்?

மறுமொழி: வார்டு கவுன்சிலரிடம் மனை எண்ணுடன் விண்ணப்பம் கொடுங்கள், ஐயா. பொதுச் சொத்துகளைப் பிறருக்கு வழங்குவதற்கு தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் நெறிமுறை வகுத்திருப்பதால், வாய்மொழி அனுமதியை நம்பி மண்வெட்டியைக் கையில் எடுக்காதீர்கள்.

மறுமொழி: தண்ணீரையும் இப்போதே பேசிவிடுங்கள், அண்ணா. இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். ஜூலையில் கீரைப் பாத்தி வறண்டு வெடிக்கும் என்பதால், குழாய்க் கட்டணத்தை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மறுமொழி: ஈரம் தங்கும் தாழ்ந்த பக்கத்தில் அமதும்பே (சேப்பங்கிழங்கு) வையுங்கள். அது சுலு இன அண்டை வீட்டாரும் நாமும் விரும்பி உண்பது என்பதால், அவர்களையும் தொடக்கத்திலேயே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.