கோச்சிக்கும் டோகுஷிமாவுக்கும் ஒரே சீட்டு

21 ஜூலை 2025, திங்கள்
குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா (7:12): ஜப்பான்ல ஆளுங்கூட்டணிக்கு மேல்சபையில மெஜாரிட்டி போச்சுன்னு டிவில ஓடுது. உங்க ஊர்ல என்னம்மா ஆச்சு?

அக்கா ஜப்பான் (7:20): எங்க தொகுதியிலயும் அவங்க ஆள் தோத்துட்டார் பெரியப்பா. ஹிரோதா ஹாஜிமே, சுயேச்சை, திரும்ப ஜெயிச்சிருக்கார். இன்னைக்கு இங்க ‘கடல் நாள்’ லீவு. காலையில இருந்து ரிசல்ட்தான் பாத்துட்டு இருக்கேன்.

அத்தை தூத்துக்குடி (7:24): கொச்சின்னு சொன்னா எல்லாரும் கேரளாவான்னு கேக்காங்க

அக்கா ஜப்பான் (7:25): கோச்சி அத்தை, நெடில். ஷிகோகு தீவுல தெக்குக் கரை. சூரை மீனை வைக்கோல் தீயில வாட்டுறாங்கன்னு வீடியோ அனுப்பினேன்ல, அந்த ஊர்.

அத்தை தூத்துக்குடி (7:26): ஆமா ஆமா. உள்ள வேகாம செவப்பா இருந்துச்சே

தம்பி (7:31): அக்கா, தொகுதி பேரு டோகுஷிமா-கோச்சின்னு இருக்கு. ரெண்டு ஊரா?

அக்கா ஜப்பான் (7:40): ரெண்டு மாகாணம்டா. 1947ல மேல்சபைக்கு முதல் தேர்தல் நடந்ததுல இருந்து 2013 வரைக்கும் தனித்தனித் தொகுதி. ஆளுக்கு 2 சீட். பதவி 6 வருஷம், 3 வருஷத்துக்கு ஒருக்கா பாதி சீட்டுக்கு ஓட்டு. அப்போ ஒவ்வொரு தடவையும் மாகாணத்துக்கு ஒருத்தர் உறுதி. 2016ல ரெண்டையும் ஒட்டிட்டாங்க. இப்போ ரெண்டுக்கும் சேர்த்தே ஒருத்தர்தான்.

பெரியப்பா (7:42): ஜனத்தொகை கொறஞ்சதாலயா?

அக்கா ஜப்பான் (7:51): அதேதான். 2010 தேர்தல்ல ஜனம் கம்மியா இருக்கற தொத்தோரி மாகாணத்து ஒரு ஓட்டு, ஜனம் நெறைய இருக்கற கனகாவா மாகாணத்து 5 ஓட்டுக்குச் சமமா இருந்துச்சு. 2012ல உச்ச நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாத நிலைன்னு சொல்லிடுச்சு. 2013ல 4.77 மடங்கு, 2014ல திரும்பவும் அதே தீர்ப்பு. 2015ல சட்டத்தைத் திருத்தி தொத்தோரியை ஷிமானேவோடவும், டோகுஷிமாவை கோச்சியோடவும் சேர்த்தாங்க. 2016ல வித்தியாசம் 3.08 மடங்கா இறங்குச்சு.

தம்பி (7:53): அது நியாயம்தானக்கா. கனகாவாக்காரனும் மனுஷன்தான, அவன் ஓட்டு மட்டும் ஏன் அஞ்சுல ஒண்ணு?

அக்கா ஜப்பான் (8:04): நியாயம்தான், இல்லங்கல. ஆனா அதுக்கப்புறம் இங்க நடந்ததைப் பாரு. 2016ல முக்கியமா மோதின ரெண்டு பேருமே டோகுஷிமா ஆளுங்க. நகானிஷி யூசுகே ஜெயிச்சார். கோச்சியில நம்மாளுன்னு சொல்ல யாரும் இல்ல. ஓட்டுப்பதிவு 45.52 சதவீதம், நாட்டுலயே கம்மி. செல்லாத ஓட்டு விகிதமும் இங்கதான் அதிகம். இங்க பட்டன், சின்னம் எல்லாம் கிடையாது. பென்சிலால வேட்பாளர் பேரைக் கையால எழுதணும். பேரு எழுத வேண்டிய இடத்துல ‘இணைப்பு வேண்டாம்’னு எழுதிப் போட்டவங்க இருக்காங்க.

அக்கா ஜப்பான் (8:06): 2019ல அப்படியே தலைகீழ். மோதின ரெண்டு பேரும் கோச்சிக்காரங்க. தகானோ கோஜிரோ ஜெயிச்சார். அந்தத் தடவை டோகுஷிமாவுல ஓட்டுப்பதிவு 38.59 சதவீதம், நாட்டுலயே கடைசி. ஊர் மாறுச்சு, வலி அதே வலி.

பெரியப்பா (8:09): அடப்பாவமே. நடுவுல மலையும் இருக்குல்ல?

அக்கா ஜப்பான் (8:13): ஷிகோகு மலைத்தொடர் பெரியப்பா. டோகுஷிமா ஒசாகாவைப் பாத்து இருக்கிற ஊர். கோச்சி பசிபிக்கைப் பாத்துட்டு இருக்கு. ஆடிக்கற ஆட்டம் கூட வேற, அங்க அவா ஒதோரி, இங்க யோசகோய். என் பக்கத்து வீட்டுப் பாட்டி டோகுஷிமாவுல பிறந்து இங்க வாக்கப்பட்டு வந்தவங்க. “பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே ஆள்னா, ரெண்டு வீட்டுக்குமே ஆள் இல்ல”ன்னாங்க.

அத்தை தூத்துக்குடி (8:15): சரியாத்தான் சொல்லிருக்கா அந்தம்மா

தம்பி (8:20): சீட்டு போனவங்க சும்மாவா விட்டாங்க?

அக்கா ஜப்பான் (8:34): அதுக்கு ஒரு வழி பண்ணாங்க. தொகுதி சீட்டு போக, கட்சிக்கு நாடு முழுக்க விழுற ஓட்டுக்கு ஏத்த மாதிரி சீட்டு கொடுக்கற விகிதாச்சாரப் பட்டியலும் இங்க உண்டு. 2018ல அதுல ‘சிறப்பு இடம்’னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. வழக்கமா அந்தப் பட்டியல்ல யாருக்குச் சொந்த ஓட்டு அதிகமோ அவங்கதான் முதல்ல உள்ள போவாங்க. சிறப்பு இடத்துல பேர் இருந்தா, சொந்த ஓட்டு எவ்வளவா இருந்தாலும் முதல் இடம். டோகுஷிமாவுல சீட்டு இழந்த மிகி தோருவை 2019ல ஆளுங்கட்சி அப்படித்தான் காப்பாத்துச்சு. அதே வழியை ரெய்வா ஷின்சென்குமிங்கற சின்னக் கட்சியும் எடுத்துக்கிச்சு. தலைவர் யமமோதோ தாரோ 9.9 லட்சம் ஓட்டு வாங்கியும் தோத்தார். ஆனா அவர் முன்னாடி வச்ச ரெண்டு பேர் உள்ள போனாங்க. ஃபுனாகோ யாசுஹிகோவும் கிமுரா எய்கோவும், சக்கர நாற்காலியில, கடுமையான உடல் குறைபாடு உள்ளவங்க. அவங்களுக்காக சபையில இருக்கைகளையே மாத்தி அமைச்சாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பெரியப்பா (8:37): ரொம்ப நல்ல சேதிம்மா. ஹிரோதா எப்போ வந்தார்?

அக்கா ஜப்பான் (8:46): பழைய ஆள். கோச்சி தனியா இருந்தப்பவே 2004லயும் 2010லயும் ஜெயிச்சவர். அப்புறம் கீழ்சபைக்குப் போயிட்டார். 2023ல தகானோ தன் செக்ரட்டரியை அடிச்ச விவகாரத்துல ராஜினாமா பண்ணார். அக்டோபர்ல இடைத்தேர்தல். ஹிரோதா ஜெயிச்சார், ஆனா ஓட்டுப்பதிவு மொத்தமே 32.16 சதவீதம். கோச்சியில 40.75, டோகுஷிமாவுல 23.92. நாலுல ஒருத்தர் கூட வரல பெரியப்பா.

பெரியப்பா (8:52): நம்ம பக்கம் தொகுதி மறுவரையறைன்னு பேச்சு ஓடும்போதெல்லாம் எனக்கு இதே பயம்தான். 1971 கணக்குல சீட்டை நிறுத்தி வச்சிருக்காங்க. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தினவன் நஷ்டப்படக் கூடாதுல்ல.

தம்பி (8:54): அக்கா, உனக்கு அங்க ஓட்டு இருக்கா?

அக்கா ஜப்பான் (8:58): வெளிநாட்டுக்காரங்களுக்கு இல்லடா. தெருமுனையில நம்பர் போட்ட கட்டத்துல போஸ்டர் ஒட்டுற பலகை நட்டிருக்காங்க. நேத்து பாட்டியை அது வழியாத்தான் வாக்குச்சாவடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹிரோதா போஸ்டர் முன்னாடி நின்னு பேரை ரெண்டு தடவை வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாங்க, தப்பில்லாம எழுதணும்னு.

அத்தை தூத்துக்குடி (9:01): அவங்க யாருக்குப் போட்டாங்கன்னு இப்போ ஊருக்கே தெரிஞ்சு போச்சு

அக்கா ஜப்பான் (9:03): அவங்களே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் இருக்காங்க அத்தை. 2028ல நகானிஷியோட சீட்டுக்குத் தேர்தல் வரும். அப்போ டோகுஷிமாவுல இருக்கற தங்கச்சிக்குப் போன் போட்டு, நீயும் போடின்னு சொல்லணுமாம்.