‘ஜபாரி’ என்ற ஸ்வாஹிலி ஆண் பெயரின் பொருள் என்ன? ஏன் இவ்வளவு அரிது? – உதவி தேவை

தார்சலாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பணியின் பொருட்டுத் தார் எஸ் சலாமில் வசிக்கிறேன். என் மனைவி தான்சானியாவின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள தாங்கா நகரைச் சேர்ந்தவர். எங்களுக்கு விரைவில் முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. ஆண் குழந்தையானால் ‘ஜபாரி’ என்று பெயரிடலாம் என அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் சொன்னார். ஒலி எங்கள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குழந்தைப் பெயர்களுக்கான ஓர் இணையதளம் இதற்கு ‘வீரன்’ என்று பொருள் சொல்கிறது. இன்னொன்று ‘ஆறுதல் தருபவன்’ என்கிறது. மூன்றாவது ஒன்று ‘பாறை’ என்கிறது. மூன்றுமே இதை ஸ்வாஹிலிப் பெயர் என்கின்றன. ஆனால் ஸ்வாஹிலியைத் தாய்மொழியாகக் கொண்ட என் மனைவிக்கு இப்பெயருடைய ஒருவரைக்கூடத் தெரியாது. அவருடைய தாய்வழிப் பாட்டியிடம் சொன்னபோது, அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. ‘அது மனிதனுக்கு வைக்கும் பெயரா?’ என்று மட்டும் கேட்டார். மேலே எதுவும் பேசவில்லை. அவர் தொழுகை தவறாத முஸ்லிம். மனைவியின் தந்தைவழியினர் கிறித்தவர்கள். இத்தகைய கலப்புக் குடும்பங்கள் இங்கு இயல்பானவை என்பதால், பெயர் விஷயத்தில் எல்லோரையும் கேட்டே முடிவெடுப்பது வழக்கம்.

பிறப்புப் பதிவில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது எளிதன்று. ஆகவே இதன் உண்மையான பொருள் எது, மூலம் எந்த மொழி, பாட்டி தயங்குவதற்குக் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மொம்பாசா_நூலகர் எழுதியது:

வாழ்த்துகள், சகோதரரே. முதலில் ‘பாறை’ என்ற பொருளை ஒதுக்கிவிடலாம். அது ‘ஜபாலி’ என்ற வேறொரு சொல்லின் பொருள். மலை என்று பொருள்படும் ‘ஜபல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. தான்சானிய இசைக்கலைஞர் மரிஜானி ரஜபுவை இன்றும் ‘ஜபாலி லா முஸிகி’, அதாவது இசையின் பெரும்பாறை, என்றுதான் மக்கள் அழைக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் நடுவயதினர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பல தாய்மொழிகளில் லகரமும் ரகரமும் தனித்தனி ஒலிகளாக இல்லை. அம்மொழியினர் ஸ்வாஹிலி பேசும்போது ஜபாலியும் ஜபாரியும் ஒன்றாகக் கேட்கக்கூடும். இணையதளங்கள் அந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டன என்பது என் கருத்து.

இனி ஜபாரிக்கு வருவோம். இது ஸ்வாஹிலியில் உள்ள சொல்தான், ஆனால் ஸ்வாஹிலி சேர்ந்துள்ள பாண்டு மொழிக்குடும்பத்தின் வேரிலிருந்து பிறந்தது அன்று. அரபு ‘ஜப்பார்’ என்பதன் ஸ்வாஹிலி வடிவம். ஸ்வாஹிலியில் சொல் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். அதனால் கடன் சொற்களின் ஈற்றில் ஓர் உயிர் சேர்ந்துகொள்கிறது. ஸுபைர் என்பது ஸுபேரி ஆனதும், ஃபரஜ் என்பது ஃபராஜி ஆனதும் இவ்வாறே. ஈற்று மெய் இதழொலியாக இருந்தால் இகரத்துக்குப் பதிலாக உகரம் வரும். சைஃப் என்பது ஸேஃபு ஆவதும் கிதாப் என்பது கிதாபு ஆவதும் அதனால்தான். நாம் பேச்சில் ‘ஜப்பாரு’ என்று உகரம் கூட்டிச் சொல்கிறோம். அவர்கள் இகரம் கூட்டுகிறார்கள். அரபில் உள்ள இரட்டை மெய்யும் ஸ்வாஹிலியில் ஒற்றையாகிவிடும். அழுத்தம் ஈற்றயல் அசையில் விழுவதால், நடுவில் உள்ள ‘பா’ ஓங்கி ஒலிக்கும்.

பொருளைப் பொறுத்தவரை, ‘அனைத்தையும் அடக்கியாளும் இறைவன்’ என்பதும், ‘அச்சமற்றவன், எவருக்கும் பணியாதவன்’ என்பதும் ஸ்வாஹிலியில் இச்சொல்லுக்கு உண்டு. பெயர்ப் பட்டியல்கள் இரண்டாவது பொருளை மட்டும் எடுத்து, அதிலும் ‘எவருக்கும் பணியாதவன்’ என்ற பாதியை விட்டுவிட்டு, ‘வீரன்’ என்று சுருக்கியிருக்கின்றன. வாய்ப்பிருந்தால் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் ஸ்வாஹிலி ஆய்வு நிறுவனம் தொகுத்து, 1981இல் முதன்முதலாக வெளிவந்த ‘கமுசி யா கிஸ்வாஹிலி சனிஃபு’ அகராதியைப் பாருங்கள். பிற்காலப் பதிப்புகள் உங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளில் கிடைக்கும்.

காயல்_அரபியர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பாட்டியின் தயக்கத்துக்கு விடை அரபு மூலத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது.

‘அல்-ஜப்பார்’ என்பது இறைவனின் அழகிய திருநாமங்களில் ஒன்று. குர்ஆனின் 59ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில் அது இறைவனைக் குறித்து வருகிறது. இறைவனுக்கு அது புகழ்; ஏனெனில் அடக்கியாளும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. அதே சொல் மனிதனைக் குறிக்கும்போது அது இழிவாகிவிடுகிறது: கொடுங்கோலன், ஆணவக்காரன், பிறரை நசுக்குபவன். 19ஆம் அத்தியாயமான ‘மர்யம்’ அத்தியாயத்தில், தொட்டில் குழந்தையாகிய ஈசா நபி (இயேசு), தம் தாய்க்கு நன்மை செய்பவராக இறைவன் தம்மை ஆக்கினான் என்றும், தம்மை ‘ஜப்பாராக, நற்பேறு அற்றவராக’ ஆக்கவில்லை என்றும் சொல்கிறார். அது 32ஆம் வசனம். வேறு சில இடங்களிலும், உண்மையை எதிர்த்த முரட்டு மனிதர்களைக் குறிக்க இச்சொல்லே வருகிறது.

ஆகவேதான் முஸ்லிம்கள் ‘ஜப்பார்’ என்று தனித்துப் பெயர் வைக்காமல், ‘அப்துல் ஜப்பார்’, அதாவது அடக்கியாளும் இறைவனின் அடியான், என்று வைக்கிறார்கள். நம் தமிழ் முஸ்லிம்களிடையே அது நன்கு அறிமுகமான பெயர். கூப்பிடும்போது ‘ஜப்பார்’ என்று சுருக்குவோமே தவிர, பதிவில் ‘அப்துல்’ இருக்கும். ஸன்ஸிபார், தாங்கா, மொம்பாசா, லாமு என நீளும் அந்தக் கரையோரத்திலும் இதே மார்க்க உணர்வு ஆழமாக இருப்பதால், வெறும் ‘ஜபாரி’ அங்கே அரிதாக இருப்பதில் வியப்பில்லை. உங்கள் பாட்டி ஓதி வளர்ந்தவர் என்றால், இந்தப் பெயரைக் கேட்டவுடன் அந்த வசனம்தான் அவர் காதில் ஒலித்திருக்கும்.

‘ஆறுதல் தருபவன்’ என்ற பொருளும் எங்கிருந்தோ குதித்ததன்று. இச்சொல்லின் மூல எழுத்துகள் ஜீம், பா, ரா ஆகிய மூன்று. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும், குறைந்ததை நிரப்பிச் சரிசெய்வதும் இந்த வேரின் பொருள்களுள் அடங்கும். 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி தம் கணித நூலில் சமன்பாட்டின் கழித்த பகுதியை மறுபக்கம் சேர்த்து முழுமையாக்குவதை ‘அல்-ஜபர்’ என்று அழைத்தார். ‘அல்ஜீப்ரா’ பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் ‘முறிந்ததைச் சேர்ப்பவன், தேற்றுபவன்’ என்ற பொருளைத் தாங்கி நிற்கும் ஆட்பெயர் ஜப்பார் அன்று, ‘ஜாபிர்’. இணையதளம் இரண்டையும் கலந்துவிட்டது.

தார்சலாம்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் அமெரிக்காவில் மட்டும் இப்பெயர் எப்படிப் பரவியது? இது ஆப்பிரிக்க வீரத்தின் அடையாளமாக அங்கே பெருமையோடு வைக்கப்படும் பெயர் என்று மைத்துனர் உறுதியாகச் சொல்கிறார். ‘மிக அரிது’ என்று இணையதளங்கள் போடும் மதிப்பீட்டையும் எவ்வளவு தூரம் நம்பலாம்?

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

உங்கள் மைத்துனர் சொல்வதும் உண்மையே. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் வேர்களைத் தேடியபோது, அடிமை முறை தங்கள் முன்னோரின் பெயர்களையே பறித்துவிட்டது என்ற வேதனையோடு ஆப்பிரிக்கப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்லாண்டிக் வழியே கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளில் பெரும்பாலோர் மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். ஆயினும் எந்த ஒரு குலத்துக்கும் மட்டும் உரியதாகாமல் பல நாடுகளை இணைக்கும் மொழி என்ற காரணத்தால், ஸ்வாஹிலி அவர்களுக்கு ஆப்பிரிக்க ஒருமைப்பாட்டின் மொழியாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக 1966இல் தொடங்கப்பட்ட குவான்ஸா என்ற பண்பாட்டு விழாவின் ஏழு கொள்கைகளுக்கும் ஸ்வாஹிலிப் பெயர்களே சூட்டப்பட்டன. பெயர்ப் பட்டியல் நூல்களில் ‘ஜபாரி – வீரன்’ என்று பார்த்த பெற்றோர், தலைநிமிர்ந்து நிற்கும் மகனுக்கான பெயராக அதைக் கொண்டாடினார்கள். கூடைப்பந்து வீரர் ஜபாரி ஸ்மித் 1977இல் பிறந்தவர். அதே பெயருடைய அவர் மகன், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு புதிய வீரர் தேர்வில் மூன்றாவதாகத் தெரிவானார். 1995இல் சிகாகோவில் பிறந்த ஜபாரி பார்க்கரும் அவ்விளையாட்டில் புகழ்பெற்றவர். அங்கே அது இரண்டாம் தலைமுறையைக் கண்டுவிட்ட, மதிப்புள்ள பெயர். கரையோரத்தில் அரபு மூலம் காதில் விழுகிறது, அங்கே விழுவதில்லை, வேறுபாடு அவ்வளவே. எனவே இரு தரப்பினரையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

அரிது என்ற மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை, ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களை வெளியிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த எல்லை 3. பெயர்த் தளங்கள் பெரும்பாலும் இத்தகைய மேலைநாட்டுப் பட்டியல்களை வைத்தே மதிப்பிடுகின்றன; தான்சானியாவிலோ கென்யாவிலோ எத்தனை பேருக்கு இப்பெயர் என்பதற்கும் அந்த மதிப்பீட்டுக்கும் தொடர்பில்லை. வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் ‘ஜுமா’ அங்கே தெருவுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்க, இந்தத் தளங்களில் அதுவும் ‘அரிய பெயர்’ என்றே வரும். அங்குள்ள முதியவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் கேட்பதே சரியான வழி. உங்கள் மனைவிக்கு ஒருவரையும் தெரியாது என்பது அந்தத் தளங்கள் எல்லாவற்றையும்விட வலுவான சான்று.

மொம்பாசா_நூலகர் எழுதியது:

ஒரு யோசனை. வீரம் என்ற பொருள்தான் முக்கியம் என்றால் ‘ஜசிரி’ என்ற சொல்லைப் பாருங்கள். துணிச்சலுள்ளவன் என்பதற்கு அன்றாட ஸ்வாஹிலியில் புழங்கும் சொல் அது. அதில் இறைநாமச் சிக்கல் எதுவும் இல்லை. ஜபாரியின் ஒலிதான் பிடித்திருக்கிறது என்றால், காயல் நண்பர் சொன்ன ஜாபிரின் ஸ்வாஹிலி வடிவமான ‘ஜபிரி’ இருக்கிறது. நபிகளாரின் தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் ஏராளமான நபிமொழிகளை அறிவித்தவர் என்பதால், கரையோர முஸ்லிம்கள் மதிக்கும் பெயர் அது. கிறித்தவ உறவினருக்கும் உறுத்தாது.

தார்சலாம்வாசி எழுதியது:

விடுமுறையில் தாங்காவுக்குச் சென்று, நீங்கள் எழுதியவற்றை என் மனைவி பாட்டிக்கு ஸ்வாஹிலியில் எடுத்துச் சொன்னார். மர்யம் அத்தியாயம் என்று சொல்லத் தொடங்கியதும், முடிக்க விடாமல் பாட்டியே அந்த வசனத்தை நினைவிலிருந்து ஓதினார். அதைத்தான் தாம் எண்ணியதாகவும், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி நல்லதல்லாத எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதற்காகவே அன்று காரணத்தை விளக்கவில்லை என்றும் சொன்னார். ‘ஜபிரி’ என்றதும் தலையசைத்து, தம் தாய்மாமன் ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்ததாகச் சொன்னார். தொலைபேசியில் மைத்துனரிடமும் பேசினோம். அவரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். ஆண் குழந்தையானால் ஜபிரி என்றே முடிவு செய்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. பதிவில் ‘ஜபிரி’ என்று எழுதுவதா, ‘ஜாபிர்’ என்றா? ஊரில் என் பெற்றோருக்குத் தமிழில் எப்படி எழுதி அனுப்புவது?

காயல்_அரபியர் எழுதியது:

பாட்டியின் தாய்மாமன் பெயர் அவர்கள் வீட்டுப் பழைய ஆவணங்களில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஓரெழுத்து மாறினாலும் பிற்காலத்தில் அலைய வேண்டியிருக்கும். தமிழில் ‘ஜபிரி’ என்றே எழுதலாம்; இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் பகரத்தை நாம் மென்மையாகவே ஒலிப்பதால், உங்கள் பெற்றோர் அதைச் சரியாகவே வாசிப்பார்கள்.