இரண்டு பட்டியலிலும் முதலிடம் பெறாத பாடல் வென்றது எப்படி?

புளியந்தோப்பு (பாலக்கோடு):
எங்கள் தெருவின் பொங்கல் விழாப் பாட்டுப் போட்டியில் நடுவர் மூவர் மதிப்பெண் இடுவார்கள். கூட்டத்தினர் ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தமக்குப் பிடித்த பாடகரின் பெயர் ஒட்டிய சொம்பில் போடுவார்கள். இம்முறை நடுவர்கள் முதலிடம் கொடுத்தவர் ஒருவர், சொம்பு நிறைந்தவர் வேறொருவர் என்றாகி, வாக்குவாதம் நள்ளிரவு வரை நீண்டது. அப்போது ஒரு தம்பி, பல நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 2016இல் நடுவர், மக்கள் என இரண்டு தரப்பிலும் முதலிடம் பெறாத உக்ரைன்தான் வென்றது என்றார். அது உண்மையா? அங்கே எப்படிக் கூட்டுகிறார்கள்?

ஓசூர் வானொலி:
உண்மைதான் ஐயா. ஸ்டாக்ஹோமில் நடந்த அந்த இறுதிச் சுற்றில் நடுவர்களிடம் முதலில் வந்தது ஆஸ்திரேலியா (320), மக்களிடம் முதலில் வந்தது ரஷ்யா (361). உக்ரைன் இரண்டிலும் இரண்டாமிடம்: 211, 323. ஆனால் மக்கள் ஆஸ்திரேலியாவுக்கு 191 புள்ளிகளும், நடுவர்கள் ரஷ்யாவுக்கு 130 புள்ளிகளும் மட்டுமே கொடுத்ததால், மொத்தத்தில் உக்ரைன் 534, ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491 என்று முடிந்தது.

சூட்சுமம் கூட்டலில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் குழு ஒன்று (2016இல் ஐவர்) பாடல்களை வரிசைப்படுத்தும். முதல் பத்துக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளிகள் போகும். மக்கள் வாக்குக்கும் தனியாக அதே கணக்கு. ஆகவே ஒரு நாட்டில் ஒரு பாடலுக்கு எத்தனை லட்சம் வாக்குகள் குவிந்தாலும் அங்கிருந்து கிடைப்பது 12தான். சொந்த நாட்டுப் பாடலுக்கு வாக்களிக்கவும் முடியாது. (சொந்தபந்தம் திரண்டு வரும் நம் தெருக்களுக்கு இந்த விதி மிகவும் தேவை.)

மாங்கனி (கிருஷ்ணகிரி):
எண்களோடு நிறுத்தினால் உக்ரைனின் அந்தப் பாட்டுக்கு நியாயமாகாது. ஜமாலா எழுதிப் பாடிய அதன் தலைப்பே '1944'. அந்த ஆண்டு மே மாதம் ஸ்டாலின் அரசு, கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவில் வாழ்ந்த தாத்தார் மக்களை வீடுவாசலைவிட்டுக் கிளப்பி, ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. ஐந்து குழந்தைகளோடு அப்படி ஏற்றப்பட்ட கொள்ளுப்பாட்டியின் கதைதான் ஜமாலாவின் பாட்டு. அந்தப் பாட்டியின் பெண் குழந்தை ஒன்று வழியிலேயே இறந்தது. சரணங்கள் ஆங்கிலம், பல்லவி தாத்தார் மொழி. அரசியல் பாடல்களுக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டி எதிர்ப்பு எழுந்தபோதும், வரிகளில் விதிமீறல் இல்லையென்று அமைப்பாளர்கள் அனுமதித்தார்கள். பல்லவியில் குரல் உடைந்து மேலே ஏறும் இடத்தைக் கேட்டால், மொழி புரியாத எனக்கே தொண்டை அடைக்கிறது.

புளியந்தோப்பு (பாலக்கோடு):
இருவருக்கும் நன்றி. நடுவர் தாள்களை எடுத்து அதே முறையில் புள்ளி போட்டுப் பார்த்தேன். நடுவர்கள் தேர்ந்தவர் சொம்பில் நான்காமிடம், ஆகவே 12, 7 சேர்ந்து 19. சொம்பில் முந்தியவர் நடுவர்களிடம் ஐந்தாமிடம், ஆகவே 12, 6 சேர்ந்து 18. இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு 20. அன்றிரவு அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தில் வேறொரு வீட்டார் இப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.