லைன்ல பீஸ் குறையுதா? டெய்லரைத் திட்டறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்), திருப்பூர்
சாயங்காலம் பனியன் கம்பெனி தையல் லைன் போர்டுல எண்ணிக்கை குறைஞ்சா முதல் திட்டு டெய்லருக்குத்தான் விழுது. டார்கெட்டை எப்படிப் போட்டாங்கன்னு யாரும் கேக்கறதில்லைங்க. தோள் ஜாயின்ட் ஓவர்லாக்குக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸுக்குக் கணக்குப் போட்ட நேரம்) 0.30 நிமிஷம்னா, 100 சதவீதத் திறன்ல மணிக்கு 200 பீஸ். 60 சதவீதம் ஓடற லைனுக்கு 120தான் நியாயம். ஸ்டைல் மாறின முதல் நாளே அந்த 120-ஐ எழுதி வெச்சா, மத்தியானத்துக்குள்ள லைனே மனசு விட்டுரும். முதல் நாள் பாதி, அப்புறம் படிப்படியா ஏத்துங்க.

அடுத்தது, மெஷின் சும்மா நின்ன நிமிஷத்தைக் காரணத்தோட எழுதணும்: வெட்டின துணிக் கட்டு வரலை, லேபிள் வரலை, ரிப்பேர், ஷேடு மாறிப்போச்சு. ஒரு ஷிப்டுல 40 நிமிஷம் காத்திருந்தா, மணிக்கு 120 கணக்குல அங்கேயே 80 பீஸ் போச்சு. அதுக்கு டெய்லர் என்ன பண்ணுவாங்க?

மெக்கானிக்
அண்ணா சொன்னது சரிங்க. ஊசியையும் சேர்த்துக்கங்க. சிங்கிள் ஜெர்சிக்கு (மெல்லிசான பனியன் துணி) பால் பாயின்ட், அதாவது முனை உருண்ட ஊசி, 9 அல்லது 11 சைஸ் போதும். முனை மழுங்கினாலோ, தடிச்ச ஊசி போட்டாலோ துணியோட நூல் அறுபட்டு ஓட்டை விழும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வாஷ் பண்ணினதும் விரியும். அப்போ பழி டெய்லர் மேல. உடைஞ்சாத்தான் புது ஊசின்னு ஸ்டோர்ல சொல்றது பெரிய நஷ்டம்.

நேவி, கறுப்புத் துணி ஓடும்போது மேல தொங்கற ட்யூப் லைட் பத்தாது. டெய்லரோட தலை நிழல் ஊசி மேலேயே விழும். மெஷின் தலையில காந்தத்துல ஒட்டற சின்ன எல்.இ.டி. போட்டுக் கொடுங்க.

லைன் சூப்பர்வைசர் (பெண்)
பாத்ரூம் போக டோக்கன் வெச்ச கம்பெனியில பொண்ணுங்க தண்ணி குடிக்கறதையே நிறுத்திடறாங்க. மூணு மணிக்குத் தலைவலி, அப்புறம் சிறுநீர்த் தொற்று, லீவு. அயர்ன் டேபிள் பக்கத்துல லைன் இருந்தா இன்னும் மோசம். அயர்னைச் சுவரோரம் தள்ளி, அங்கேயே எக்ஸாஸ்ட் மாட்டணும். டோக்கனுக்குப் பதிலா லைனுக்கு ஒரு ஃப்ளோட்டர் வைங்க. எழுந்து போறவங்க மெஷின்ல அவங்க உக்காரட்டும். அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவுல அரை மணி இடைவேளை விடணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லிச்சு.

செக்கிங்
சத்தம் போடற சூப்பர்வைசர் லைன்ல டேமேஜ் பீஸ் கட்டுக்கு நடுவுல ஒளிஞ்சு வரும். பயந்துதான் வைக்கறாங்க. லைன்ல சுத்தி வர்ற ரோமிங் செக்கர் ஒவ்வொரு மெஷின்லயும் 7 பீஸ் எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தா அங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிடணும். டெய்லரே "இது சரியில்லைங்க"ன்னு நீட்டற பீஸை அப்பவே வாங்கிக்கணும், பேர் எழுதக்கூடாது.

ஒன்றரை ஷிப்ட் ஓட்டறவங்க ராத்திரி கட்டுகளைத் தனி கலர் டிக்கெட்ல கட்டிப் பாருங்க. ஆல்டர் (திருத்த வேண்டிய பீஸ்) எத்தனை வருது, பிரிச்சுத் தைக்க மறுநாள் எத்தனை மணி நேரம் போகுதுன்னு கூட்டிக் கழிச்சுட்டு, அப்புறம் ஓவர்டைம் தேவையான்னு முடிவு பண்ணுங்க.