தொப்பூர் இறங்கியதிலிருந்து பிரேக்கில் நடுக்கம், இப்படியே நாகர்கோவில் போகலாமா?

நாஞ்சில்வாசி:
ஓமலூரில் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு எழுதுகிறேன். விடிகாலை நாலு மணிக்குப் பெங்களூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். அடுத்த வாரம் ஜெர்மனிக்கு விமானம். அதற்குள் வண்டியை ஊரில் விட்டுவிட்டு, அம்மா அப்பாவோடு நாலு நாள் இருக்கலாம் என்று நினைப்பு. தொப்பூர் மலை இறக்கத்தில் முன்னால் லாரி வரிசை. நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்தபடி இறங்கினேன். பாதியில் கருகல் வாடை. இப்போது எண்பதில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. 2014 டீசல் வண்டி, நாலு மாதம் அடுக்குமாடியில் சும்மா நின்றது. இன்னும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஆறவிட்டு ஓட்டலாமா?

சேலத்தார்:
தம்பி, அங்கே மூன்றாவது கியர், லாரிக்குப் பின்னால் மாட்டினால் இரண்டாவது. எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) கோணிவிடும்.

பட்டறைக்காரன்:
முதலில் நின்றபடியே பெடலை மிதியுங்கள். பஞ்சுபோல் உள்ளே போனால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். டாட் 4 பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 155 வரைதான் நம்பிக்கை. பெடல் கெட்டியாக இருந்தால், நன்றாக ஆறியபின் மெதுவாக ஒரு கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு முன்சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள். தொடாதீர்கள்.

நாஞ்சில்வாசி:
பெடல் கெட்டியாக இருக்கிறது. வலது சக்கரத்தில் அனல் அடிக்கிறது, இடதில் வெதுவெதுப்புதான். வண்டியும் லேசாக வலப்பக்கம் இழுக்கிறது.

பட்டறைக்காரன்:
அப்போ தொப்பூரை மட்டும் குறை சொல்ல முடியாது. வலது காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி, சிக்கியிருக்கிறது. சும்மா நின்றதில் அது நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கும். காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாது. ஆறவிட்டுப் பயனில்லை, ஓட்ட ஓட்ட மறுபடி சூடாகும். மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்லுங்கள். பேட் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

நாஞ்சில்வாசி (மாலை 4 மணி):
அண்ணா, அதேதான். பின்னைக் கழற்றவே அரை மணி நேரம் போராடினார்கள். வலது டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. டிஸ்க்கும் பேடும் ஜோடியாகப் புதிது, ஆயிலும் புதிது. உதறல் போய்விட்டது. இனி இரவோடு இரவாக ஓட்டிவிடவா? அம்மா மீன்குழம்பு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

சேலத்தார்:
நாலு மணிக்கு எழுந்த ஆள் நீங்கள். மதுரையில் படுங்கள். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி.

வள்ளியூரான்:
ஊரில் விடும்போது ஹேண்ட்பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், பின்பக்கமும் இதே கதையாகும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை அப்பா பத்து கிலோமீட்டர் ஓட்டட்டும். கர்நாடகப் பதிவு என்றால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க மறுபதிவு வேண்டும். தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். அப்புறம், காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் வண்டி ஒருபக்கம் இழுத்தால் பயப்படாதீர்கள். அது காற்று.

நாஞ்சில்வாசி (மறுநாள்):
பத்தரைக்கு வீடு வந்தாச்சு. முப்பந்தலில் இழுக்கத்தான் செய்தது. காற்று என்று தெரிந்தும், இறங்கிச் சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.