கிராபியில் 3 வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி: மருந்து எவ்வளவு கொடுப்பது?

கேள்வி:
தாய்லாந்து, கிராபி. வந்து இரண்டாம் நாள். மகளுக்கு 3 வயது, 12 கிலோ. காலையிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், மூன்று முறை வயிற்றுப்போக்கு, இரண்டு முறை வாந்தி. ஊரிலிருந்து எடுத்துவந்த பாராசிட்டமால் சிரப் தீர்ந்துவிட்டது. அதில் வழக்கமாக 3.5 மி.லி. கொடுப்போம். இங்கே வாங்கிய பாட்டிலிலும் அதே அளவுதான் கொடுத்தோம், காய்ச்சல் இறங்கவில்லை. காய்ச்சலுக்கான இன்னொரு மருந்து, மெஃபெனாமிக் சிரப், கைவசம் இருக்கிறது, கொடுக்கலாமா? நாளை பீ பீ தீவுக்குப் படகு, நாளை மறுநாள் விமானம்.

பதில் 1:
புது பாட்டிலில் தாய்லாந்து எழுத்துக்கு நடுவே எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்று எண் இருக்கும், அதைப் பாருங்கள். ஊரில் 3.5 மி.லி. கொடுத்தீர்கள் என்றால் அது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாகத்தான் இருக்கும். இங்கே 5 மி.லி.யில் 120, 160, 250 மி.கி. என்று பல வகை விற்கிறார்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் உங்கள் மகளுக்கு 180 மி.கி. அது 250-ல் 3.6 மி.லி., 160-ல் 5.6 மி.லி., 120-ல் 7.5 மி.லி. கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது.

மெஃபெனாமிக், ஐபுப்ரோஃபென் இரண்டும் இப்போது வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து. டெங்கு கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். ஆகவே இரண்டாம் நாளே வந்தது இங்கத்திய கொசுவால் இருக்காது, ஊரிலேயே கடித்திருக்கலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், 120 தான். ஓஆர்எஸ் (நீர்ச்சத்துக்கான உப்பு-சர்க்கரைத் தூள்) 21 கிராம் பாக்கெட் இருக்கிறது. ஹோட்டல் தண்ணீர் பாட்டிலில் கலக்கலாமா?

பதில் 2:
அப்படியே கொட்டிவிடாதீர்கள். 21 கிராம் பாக்கெட் 1 லிட்டருக்கு உரியது. இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் 600 மி.லி. பாட்டில், அதில் முழுப் பாக்கெட்டையும் போட்டால் உப்பு ஏறிவிடும், குழந்தைக்குக் கெடுதல். 1.5 லிட்டர் பாட்டில் வாங்கி மூன்றில் ஒரு பங்கை ஊற்றிவிட்டுக் கலக்குங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். இங்கே வாங்கும் பாக்கெட் சிறியது, உறையில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தே கலக்க வேண்டும்.

வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. தாகத்தில் மடமடவென்று குடிக்கத் துடிப்பாள், விட்டால் மொத்தமும் வெளியே வந்துவிடும். அடங்கிய பிறகு ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மி.லி. ஓஆர்எஸ் கொடுங்கள். ஜூஸ், கோலா வேண்டாம். அந்தச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பேதியை நிறுத்தும் மருந்தான லோபெரமைடு தொடவே வேண்டாம்.

பதில் 3:
பீ பீ பயணத்தை ரத்து செய்யுங்கள். சாயங்காலத்தோடு படகு நின்றுவிடும். ராத்திரி மோசமானால் தீவிலிருந்து கிளம்புவது கடினம். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறாள், மலத்தில் ரத்தம், வாந்தி பச்சையாக வருகிறது: இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு 1669. பெரிய தனியார் மருத்துவமனைகள் புக்கெட்டில் இருக்கின்றன, சாலையில் இரண்டரை மூன்று மணி நேரம். ஆனால் அவசரம் என்றால் கிராபியிலேயே காட்டிவிடுங்கள்.

காப்பீடு இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே பாலிசியில் உள்ள எண்ணுக்கு அழைத்து கேஸ் எண் வாங்குங்கள். இல்லாவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டிவரும். விவரமான பில், ரசீது, மருத்துவச் சான்று எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். பயணத்துக்குத் தகுதி என்ற சான்றும் அதே கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். சோர்ந்துபோன குழந்தையைப் பார்த்துவிட்டுப் போர்டிங்கில் நிறுத்துவது உண்டு.