மார்கழிப் பனியில் புகையிலைத் தோட்டத்தில் இறங்கி வாந்தி, கிறுகிறுப்பு வந்த அனுபவம் உண்டா?

வேடசந்தூர் மருமகள்:

எங்கள் பக்கம் மெல்லும் புகையிலை போடுகிற ஊர். ஐப்பசியில் நட்டால் மார்கழியில் கொழுந்து கிள்ளுவோம், மாசியில் வெட்டு. கொழுந்தைக் கிள்ளியதும் ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் பக்கக் குருத்து முளைக்கும். அதை விட்டால் இலை தடிக்காது, வாராவாரம் ஒடித்தே ஆக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான். ஒரு கையால் இலையை விலக்கி, மறு கை விரலைக் கணுவுக்குள் விட்டு ஒடிக்க வேண்டும். விடியற்காலையில் இறங்கினால் இலை நிறைய பனித்தண்ணீர். விலக்கும்போதே அது முழங்கை வழியாக அக்குள் வரை ஓடும். ஒரு சால் முடிப்பதற்குள் ரவிக்கையும் சேலை முன்பக்கமும் தொப்பலாகிவிடும். கையில் பிசின் கருப்பாக ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் மதியச் சோறு கசக்கும்.

நான் பிறந்த ஊரில் புகையிலை கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில் ஆறு மணிக்கு இறங்கி, ஈரச் சேலையோடு மதியம் வரை வேலை பார்த்தேன். சாயங்காலம் தலைவலி. ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் வீடு சுற்றுகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லாமலே வாந்தி. விடிந்ததும் அத்தை என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மசக்கை என்று சொல்லி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் எல்லாம் தானாக நின்றுவிட்டது. அத்தையின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வாந்தியைவிட வேதனையாக இருந்தது. அடுத்த வாரம் குருத்து ஒடிக்கப் போனேன், அதே கதை. பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். காட்டிய ஆஸ்பத்திரியில் வெயில் மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மார்கழியில் ஏது வெயில்? எங்கே வேலை பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குக் காரணம் பிடிபட்டது ஒரு தற்செயலால். ஒரு நாள் தண்ணீர் மோட்டார் பழுதாகி, அதைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் இறங்கினோம். இலை காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அதே தோட்டம், அதே வேலை, அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு பனி காயாமல் இறங்குவதில்லை. அவசரமென்றால் கணவரின் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, யூரியா சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து முன்னால் கட்டிக்கொள்வேன். வெயில் ஏறியதும் அதை அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வேர்த்து ஊறி அது வேறு தொந்தரவு. மாற்றுத் துணி வரப்பிலேயே இருக்கும். துணி நனைந்துவிட்டால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அங்கேயே மாற்றுங்கள். உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

வலிகாமம் தோட்டக்காரன் மகன்:

அக்கா, இதை வாசிக்க எனக்கு 14 வயதில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பமும் புகையிலைக் குடும்பம்தான். முதல் நாள் இரவு மழை. விடிய வெள்ளன அப்பா வெட்ட, நான் கட்டிக் கட்டித் தோளில் சுமந்தேன். பிசின் பட்டால் கறை போகாது என்று சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். வெறும் முதுகில் ஈர இலை. அன்றிரவு சத்தி, நெஞ்சு படபடப்பு, கை கால் குளிர்ந்துவிட்டது. அம்மா நாவூறு கழித்தா. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அதனால் எனக்குத்தான் உடம்பு காணாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா நாள் முழுக்கச் சுருட்டு வாயோடு இருப்பவர், அந்த நஞ்சு அவர் உடம்புக்குப் பழகிப்போயிருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சேர்ட் கறைப்பட்டால் படட்டும், பிள்ளைகளை ஈர இலைக்குள் விடாதீர்கள்.

கிராமச் செவிலி:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் வந்தது நிக்கோடின் நஞ்சுதான். நிக்கோடின் தண்ணீரில் கரையும், தோல் வழியாக உள்ளே இறங்கும். புகையிலை இலையில் தேங்கிய 100 மில்லி பனித்தண்ணீரில் 9 மில்லிகிராம் வரை நிக்கோடின் கணக்கிட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீரும் நம் வேர்வையும்கூட அதே வேலையைச் செய்யும். தொல்லை உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்து, ராத்திரியில் வருவதால்தான் காலையில் பார்த்த வேலையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1970லேயே அமெரிக்காவில் இதை எழுதிவிட்டார்கள். 1992ல் கென்டக்கியில் 47 பேர் இதே தொல்லையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது பதிவாகியிருக்கிறது. குஜராத்தில் புகையிலை அறுப்பவர்களிடமும் அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது.

வந்துவிட்டால் முதலில் ஈரத் துணியைக் களையுங்கள். சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவுங்கள், அக்குளையும் விரலிடுக்கையும் விடாதீர்கள். நிழலில் படுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். மூச்சு முட்டினாலோ, நினைவு தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்காவிட்டாலும் "ஈரப் புகையிலைக்குள் வேலை பார்த்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மருந்து அடித்த தோட்டமா, எந்த மருந்து என்பதையும் சொல்லுங்கள். பூச்சிமருந்து நஞ்சும் வாந்தியோடுதான் தொடங்கும், ஆனால் அதற்கு வைத்தியம் வேறு.

அக்கா, உங்கள் அத்தை மசக்கை என்று நினைத்ததைப் படித்து எனக்குப் பயமாகிவிட்டது. நிஜமாகவே கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இது வந்தால் மசக்கைதான் என்று விட்டுவிடுவார்கள், அவளும் மறுநாள் தோட்டத்துக்குப் போவாள். நிக்கோடின் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். நாள் தள்ளியிருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

வேடசந்தூர் மருமகள்:

நன்றிம்மா. இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், என் கணவர் வயிற்றில் இருந்தபோது மாசி வெட்டு வரை தினமும் பனியில் குருத்து ஒடித்ததையும், வாந்தி எடுத்துக்கொண்டே வேலை பார்த்ததையும் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துக்கு வரும் பெண்களில் ஒருத்திக்கு இது நான்காம் மாதம். நாளை முதல் அவளுக்கு வீட்டுக் களத்தில் கடலை உடைக்கிற வேலை, அதே கூலி. அத்தைதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.